போரை நிறுத்தப் போய் நடந்த கல்யாணம்

அதியன்னூர்,
4.3.1991

தம்மாமில் வேலை பார்க்கும் சிரஞ்சீவி ஈஸ்வருக்கு அப்பா ஈஸ்வரமூர்த்தி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் தலைமேல் ஏவுகணை எதுவும் விழாமல் காத்த செங்கல் கோயில் சிவபார்வதிக்கு அம்மா அர்ச்சனை செய்துவிட்டாள்.

‘தங்கையின் நிச்சயத்துக்கு நாள் பார்த்ததாக எழுதினீர்கள், பிறகு கல்யாணமே முடிந்ததாகத் தந்தி வருகிறது, இது என்ன கதை’ என்று கேட்டிருந்தாய். கதை இல்லை மகனே, வளைகுடாப் போர். தக்கலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரவேண்டிய அதே வியாழக்கிழமை, போரை நிறுத்த நம் பொன்னப்பன் பந்த் அறிவித்துவிட்டான். பஞ்சாயத்துத் தேர்தலில் தோற்றதிலிருந்து அவனுக்கு உலக விவகாரம்தான். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். “நாம இங்க ஒரு காரை விட்டா அமெரிக்கா அங்க துணிஞ்சிரும் ஆக்கும், மாமா. பாலு, பத்திரிகை, ஆஸ்பத்திரி, கல்யாணம், இதுக்கு விலக்கு உண்டு. நிச்சயத்துக்கு இல்ல” என்றான். இத்தனைக்கும் போர் எதிர்ப்பெல்லாம் இஞ்சிவிளை வரைக்கும்தான். எல்லை தாண்டினால் தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் புரோட்டாக் கடைகூடத் திறந்திருந்தது.

பாறசாலையில் காரை மறித்ததும் சம்பந்தி பயந்துபோய், “கல்யாணமாக்கும்” என்று சொல்லிவிட்டார். பொன்னப்பன் சரிபார்க்கிறேன் என்று பைக்கில் கூடவே வந்து நம் கூடத்தில் உட்கார்ந்துகொண்டான். “தாலி கெட்டுறத பாத்துட்டுப் போறேன். இல்லேன்னா வண்டிக்கு நான் பொறுப்பில்ல” என்றான். வெளியே அவன் ஆட்கள் கையில் கல்லோடு நிற்கிறார்கள், நான் என்ன செய்ய? அம்மா மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டு ரேடியோவில் குண்டு விழுந்த செய்திதான் மேளம். மாப்பிள்ளையின் காலைக் கழுவ அண்ணன் எங்கே என்று கேட்டதும் உன் தங்கை ஆனந்தலட்சுமி அழுதுவிட்டாள். கழுவியது பொன்னப்பன்.

போரைத் தொடங்கியவருக்கும் உன்னைத் தெரியாது, பாதியில் போதும் என்றவருக்கும் என்னைத் தெரியாது. நாற்காலியில் இருந்தபடி சொன்னார்கள், நடந்தது, நின்றது. தோற்றவர் நாற்காலியும் அப்படியேதான் இருக்கிறது. செத்தவன்தான் செத்தான். தன் பந்த்தான் போரை நிறுத்தியதென்று பொன்னப்பன் நெய்யாற்றின்கரை முழுக்கச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறான். இனி அவனை நம் வாசற்படி ஏற விடமாட்டேன். உன் கல்யாணமாவது நீ பெண்ணைப் பார்த்து, நீ சரி சொன்ன பிறகுதான். இது சத்தியம்.

நீ விடுமுறையில் வரும் நாளை எண்ணிக்கொண்டு, அம்மா உமையம்மாளின் ஆசியோடு என் ஆசியும் சேர்த்து,
அப்பா.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பொன்னப்பன் வந்தான். காப்பி கொடுத்தேன். போர் நின்றதைக் கொண்டாட வெற்றி பந்த் நடத்துகிறார்களாம், கமிட்டித் தலைவராக என்னைப் போட்டிருக்கிறார்கள். மரியாதைக்கு மறுக்க முடியவில்லை. பஞ்சாங்கம் பார்த்து நானே நல்ல நாளாகக் குறித்துக் கொடுத்தேன். நீ வந்து இறங்கும் நாள் அதுதான் என்று அம்மா இப்போது சொல்கிறாள். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் பாலராமபுரத்தில் காரை மறிப்பார்கள். கல்யாணம் என்று சொல்லிவிடு. பரமசிவன் மாமாவின் மகள் விமலகுமாரிக்குச் சேலை எடுத்தாயிற்று.