சீ என்றால் ஆமாம்

பிஞ்சு நெஞ்சங்களில் உலக மொழிகளையும் பண்பாடுகளையும் விதைப்பது என்று கல்வி அலுவலகம் தீர்மானித்தது. முதல் விதை ஸ்பானிய மொழி. ஏன் ஸ்பானியம் என்று எந்தப் பள்ளியும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிய சங்கடம் அலுவலகத்துக்கு ஏற்படும். மேலிடத்தைச் சங்கடப்படுத்துவது ஒழுங்கீனம்.

அந்தத் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை அன்றைக்கே விழாப் பொறுப்பாளரை நியமித்துவிட்டார். மைதானத்தில் இரண்டாம் வகுப்பை ஓடவிட்டுக்கொண்டிருந்த பி.டி. மாஸ்டர், கழுத்தில் விசில் ஆட, வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"ஸ்பெயின்னா ஃபுட்பால். ஃபுட்பால்னா நீங்க. வேற யாரை சார் போட முடியும்?"

"மேடம், எனக்கு அந்த பாஷைல ஒரு எழுத்துகூடத் தெரியாது."

"தெரிஞ்சவங்களைப் போட்டா அது வெறும் வேலை. தெரியாதவங்களைப் போட்டாதான் ஆர்வம். ஆபீஸ்ல ஆர்வத்தைத்தான் கேட்டிருக்காங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "விழாவுக்கு அதிகாரியே வர்றார். நம்ம மைதானத்தை ஆபீஸ் வண்டி நிறுத்தக் கேக்கறாங்க இல்லையா, அதை அன்னைக்கே முடிவு பண்றாராம். அவர் மனசு குளிரணும்."

அந்த மைதானத்தில் மாஸ்டர் தன் கையால் பொறுக்காத கல் இல்லை. ஒரு பக்கம் இரும்புக் கம்பத்தில் கோல், மறுபக்கம் இரண்டு செங்கல்லில் கோல். தீப்பெட்டி மாதிரி வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் கைகாலை நீட்டி ஓட வேறு இடமும் கிடையாது. மைதானத்துக்காக ஸ்பானியம் என்ன, சிங்கத்தோடு பேசும் பாஷையையும் படிக்கத் தயாரானார்.

பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் செல்போனில் பாடம் கேட்டார். நர்ஸாக வேலை பார்க்கும் அவர் மனைவி ஒரு காலையில் காபி டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"தூக்கத்துல யாரோ பொம்பளை பேரைச் சொல்றீங்க. கிராசியாஸாம். யாரு அவ?"

"நன்றின்னு அர்த்தம்மா அதுக்கு."

"நன்றியா? கல்யாணம் ஆனதுலேருந்து எனக்கு ஒரு தடவை சொன்னதில்லை. அதுக்கு அவ பேருதான்னே சொல்லியிருக்கலாம் நீங்க."

இதற்கிடையே அலுவலகத்திலிருந்து பண்பாட்டு நெறிமுறைகள் வந்து சேர்ந்தன. ஸ்பெயினில் தக்காளியை எறிந்து விளையாடுவது மரபாதலால், வகுப்புக்கு ஒரு தக்காளி வீதம் மென்மையாக எறியப்பட வேண்டும். எறியப்பட்ட தக்காளி சேதமின்றித் திரும்ப ஒப்படைக்கப்பட வேண்டும். காளை அவசியம், ஆனால் அது முட்டாத காளையாக இருத்தல் வேண்டும். மதியத் தூக்கம் என்ற ஸ்பானியப் பழக்கத்துக்கு மட்டும் நெறிமுறை தேவைப்படவில்லை. அதில் அலுவலகத்துக்கே நீண்ட அனுபவம் இருந்தது.

பெற்றோர்களுக்கும் ஜுரம் கண்டது. கண்ணாடி வேலை செய்த விசிறிகள் கடைகளில் கிடைக்காமல் போயின. வாசிக்கத் தெரியாத ஓர் அப்பா தினமும் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டார். எதற்கு என்று கேட்டவர்களிடம், "சூழ்நிலை உருவாகணும்ல" என்றார்.

அப்போதுதான் மாஸ்டருக்குப் புதையல் கிடைத்தது. மூன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணைப் பிள்ளைகள் 'அடைமழை' என்று கூப்பிட்டார்கள். வாயைத் திறந்தால் நிற்காமல் கொட்டுவாள். ஒரு சொல்கூட யாருக்கும் புரியாது. விசாரித்தால், அவள் அப்பா மிஷின் கம்பெனி வேலைக்காகக் குடும்பத்தோடு ஸ்பெயினிலிருந்து வந்தவர். அந்த வீட்டில் பேசுவதே ஸ்பானியம்தான்.

மாஸ்டர் அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு ஓடினார். தலைமையாசிரியை கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இந்தப் பொண்ணு பேசறது எதுவுமே ஆபீஸ் கொடுத்த வார்த்தைகள்ல இல்லையே சார். வேகம் வேற. அதிகாரிக்குப் புரியாமப் போனா அவருக்கு எவ்வளவு அவமானம். கடைசி வரிசைல நிக்க வைங்க."

ஆகவே மாஸ்டர் தன் வழியிலேயே போனார். அத்தனை பிள்ளைகளுக்கும் நாக்கில் சுலபமாக நின்றது ஒரே சொல்தான்: 'சீ'. ஸ்பானிய மொழியில் 'ஆமாம்'. விசில் ஊதினால் நிமிர வேண்டும். கேள்வி வந்தால் 'சீ' சொல்ல வேண்டும். ட்ரில் மாதிரி பழக்கினார். பள்ளிக்கூடமே அதிர்ந்தது.

விழா நாளன்று தக்காளிகள் மென்மையாகப் பறந்து பத்திரமாகத் திரும்பின. கறுப்புப் போர்வைக்குள் காளையாக வந்த வாட்ச்மேன் முட்டாமல் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். அதிகாரி மனம் குளிர்ந்து மைக்கைப் பிடித்தார்.

"குழந்தைகளே, சந்தோஷமா இருக்கீங்களா?"

"சீ."

அதிகாரி திடுக்கிட்டார். தலைமையாசிரியை காதில் அர்த்தம் சொன்னார். "தெரியும், தெரியும்" என்று அதிகாரி தொடர்ந்தார். "இந்த மாமாவை உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"சீ" என்றது கூட்டம், கூடுதல் உற்சாகத்தோடு.

அதிகாரி பூரித்துப்போனார். அந்தப் பூரிப்பிலேயே கேட்டார். "அப்போ இந்த மைதானத்தை எங்க ஆபீஸ் வண்டிகளுக்குக் கொடுத்துடலாமா?"

"சீ."

இந்தத் தடவை பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார்கள். மாஸ்டர் மேடைக்குத் தாவினார்.

"ஐயா, அது தமிழ்."

"தமிழா? அப்போ என்னைப் பிடிச்சிருக்கான்னு கேட்டதுக்குச் சொன்னாங்களே, அது?"

"அது ஸ்பானிஷ் ஐயா."

"அதே வாய். அதே எழுத்து. நடுவுல பாஷை எப்போ மாறிச்சு?"

"வேணும்னா மாத்திக் கேட்டுப் பாருங்க ஐயா."

அதிகாரி கேட்டார். "மைதானம் உங்களுக்கே வேணுமா?"

"சீ."

"இது என்ன பாஷை?"

"இது... ஸ்பானிஷ் ஐயா."

"உங்களுக்கு வசதிப்பட்டா ஸ்பானிஷ், இல்லேன்னா தமிழ். அப்படித்தானே?"

அந்த நேரம் கடைசி வரிசையிலிருந்து அடைமழை பிய்த்துக்கொண்டு வந்தது. அவளுக்குக் கால்பந்து என்றால் உயிர். "நோ, நோ, நோ" என்று தொடங்கி, கையை ஆட்டி, மைதானத்தைக் காட்டிக் காட்டிக் கொட்டித் தீர்த்தாள்.

அதிகாரி முகம் சிவந்தார். "ஸ்பானிய விழாவுல இங்கிலீஷ் பேசறது யாரு?"

"ஐயா, ஸ்பானிஷ்லயும் நோன்னா நோதான்."

"நாங்க கொடுத்த வார்த்தைகள்ல அது இருக்கா?"

இல்லை. அலுவலகம் கொடுத்த வார்த்தைகளில் மறுப்புச் சொல் எதுவுமே இல்லை. சிறுமியின் கருத்து ஆங்கிலம் எனக் கருதி நீக்கப்பட்டது.

மாஸ்டர் கடைசி முயற்சியாகப் பெற்றோர் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. உங்க பிள்ளைங்க சொன்னது நம்ம சீ தானே?"

கிட்டார் அப்பா எழுந்தார். "என்ன சார் இப்படிக் கேவலப்படுத்தறீங்க? என் பையன் இப்போ வீட்ல தமிழே பேசறதில்லை. பல் தேய்னா சீ. மருந்து குடின்னா சீ. படின்னா சீ. அவ்வளவு சரளம். அதைப் போய் தமிழ்னு சொன்னா, நாங்க விசிறி வாங்கினது, இவ்வளவு பாடுபட்டது எல்லாம் என்னத்துக்கு?"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பிள்ளைகள் பேசியது தூய ஸ்பானியமே என்று பெற்றோர் ஒருமனதாக உறுதி செய்தார்கள். மைதானம் கைமாறியது.

மறுவாரமே வண்டிகள் வந்து நின்றன. ஓட இடமில்லாததால் பி.டி. வகுப்பு ரத்தானது. வேலையில்லாமல் போன மாஸ்டரை அரும்பணி பாராட்டி ஸ்பானிய ஆசிரியராக உயர்த்தினார்கள். மாலையில் டியூஷனுக்கு வராந்தா நிரம்பி வழிந்தது. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு சால்வை போர்த்தினார்கள், கூச்சம் போய்விட்டது.

ஒரு மாலை அடைமழையின் அம்மா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். யோசித்து யோசித்துத் தமிழ் பேசினாள்.

"சார், இவளுக்கு ஸ்பானிஷ்ல 'முயற்சி தேவை'ன்னு போட்டிருக்காங்க. மத்தப் பிள்ளைங்க எல்லாம் முதல் தரம். எங்களுக்குத் தூக்கமே இல்லை."

மாஸ்டர் சிறுமியைப் பார்த்தார். அவள் இப்போதெல்லாம் தூறல்கூடப் போடுவதில்லை. உண்மை அவர் தொண்டைவரை வந்தது. பின்னால் பெற்றோர் வரிசை காத்திருந்தது.

"வீட்ல நாங்க பேசறதுனாலதான் கெட்டுப்போகுதோ சார்?" என்றாள் அம்மா. "வேணும்னா ஸ்பானிஷ் பேசறதை நிறுத்திடறோம்."

மாஸ்டர் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைங்கம்மா" என்றார். "முதல்ல அடிப்படை பலமாகட்டும்."