செத்த பொறு, ஒப்பிட்டுச் சொல்றேன்

நம்மிடையே ஓர் இனம் உண்டு. நீங்கள் ஒரு பொருளைக் கையில் எடுத்ததும், எங்கிருந்தோ தோளுக்குப் பின்னால் முளைத்து, "அதையா வாங்கப்போற?" என்று கேட்கும். கையிலிருப்பது அந்த நொடியே குப்பையாகிவிடும். ஒப்பீட்டாளர் என்று பெயர் வைப்போம்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில்தான் முகேஷ்குமாருக்கு ஒப்பீட்டாளர் வாய்த்தார். கேம் ஆட ஒரு மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, பில் போடச் சொல்ல வாயெடுத்த நேரம்.

"அப்பு, அது வெறும் ஃப்ரீசிங்க். ஜி-சிங்கோட ஒப்பிட்டுப் பாத்தியா?"

திரும்பினால் பிரிட்டோ, கல்லூரியில் அவனுக்கு மூத்தவன். கடைக்காரர் முகம் அதற்குள் வாடிவிட்டது. அவருக்கு ஆளைத் தெரியும்.

"ரெண்டும் ஒரே வேலதானண்ணே?"

"டிகிரி முடிச்சவன் பேசுற பேச்சா இது?"

அவ்வளவுதான். வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில், தன் வீட்டின் முதல் பட்டதாரி முகேஷ்குமார். படிக்காமல் வாங்கினான் என்ற பேர் வரலாமா? பெட்டியைத் திருப்பி வைத்தான்.

விஷயம் சின்னது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு ஒரு வேகத்தில் படம் அனுப்பும். திரை இன்னொரு வேகத்தில் காட்டும். ஒத்துப்போகாவிட்டால் படம் குறுக்கே கிழியும். கார்டுக்குத் தக்கபடி திரை தன் வேகத்தை மாற்றிக்கொண்டால் கிழியாது. இதற்கு என்விடியா கம்பெனி வைத்திருக்கும் வழி ஜி-சிங்க், ஏஎம்டி வைத்திருப்பது ஃப்ரீசிங்க். பிரிட்டோவோ, தனிச் சிப் உள்ளது, சிப் இல்லாமல் சான்றிதழ் மட்டும் உள்ளது, சான்றிதழும் இல்லாமல் வேலை செய்வது, கேபிளை மாற்றினால் கோபித்துக்கொள்வது என்று பிரித்து, அட்டவணை போட்டு, அந்த அட்டவணைகளை ஒப்பிட இன்னொரு அட்டவணையும் போட்டுத் தினமும் வாட்ஸப்பில் அனுப்பினான். கடைசி வரி மாறவே மாறாது: "செத்த பொறு, புது மாடல் வருது."

முகேஷ்குமார் ஆன்லைனில் கேம் ஆடும் அணியின் தலைவி ஜீவிதா பொறுக்கவில்லை.

"ஏலே, எதிராளி தல ஒரு பக்கம், காலு ஒரு பக்கம் தெரியுதுன்னு எத்தன மேட்சுல சொல்லுவ? ஞாயித்துக்கெழமைக்குள்ள ஸ்க்ரீன மாத்து. இல்ல, ஒன் எடத்துல பிரபு ஆடட்டும்."

சனிக்கிழமை, முடிவாக ஒரு பதில் கேட்டுவிட நாகல்நகரில் பிரிட்டோவின் வீட்டுக்குப் போனான் முகேஷ்குமார். பிரிட்டோவின் மானிட்டர் மேசையை முழுக்க அடைத்திருந்தது.

"பாத்தியா? வாங்குனதுலேருந்து வெண்ணெயா வழுக்குது."

ஓடிக்கொண்டிருந்த கேமில் முகேஷ்குமாருக்குக் கிழிசல் தெரிந்தது. சொல்லக் கூச்சப்பட்டு, திரைக்கு அடியிலிருந்த பொத்தானை அழுத்தி மெனுவைத் திறந்தான். வேகத்தை மாற்றிக்கொள்ளும் அந்த வசதி அணைந்தே கிடந்தது. பெட்டியைப் பிரித்த நாளிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை.

பிரிட்டோ அவசரமாக மெனுவை மூடினான்.

"அது... ஒப்பிட்டுப் பாக்கணும்னு அமத்தி வச்சிருக்கேன்."

"எதோடண்ணே?"

"ஆன்ல இருக்கிறதோட."

அன்று சாயங்காலமே முகேஷ்குமார் ஒரு மானிட்டரை வாங்கி, வசதியை இயக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தான். மறுநாள் அவன்தான் ஆடினான். அணி தோற்றது வேறு விஷயம்; பிரபு ஆடியிருந்தால் இன்னும் சீக்கிரம் தோற்றிருப்போம் என்று ஜீவிதாவே சொல்லிவிட்டாள்.

பிரிட்டோவைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் போனில் மிக்சியோ மெத்தையோ திறந்தபடி நிற்கும் பக்கங்கள் எத்தனை? அதைவிட முக்கியம்: போன தடவை அப்படி அலசி வாங்கினீர்களே, அதன் பொத்தான்கள் எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்தாயிற்றா?

முகேஷ்குமார் இப்போது அணியில் நிரந்தரமாக ஆடுகிறான். பிரிட்டோ நாகல்நகரில், அந்த வசதியை இயக்கலாமா வேண்டாமா என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.