கார் வைத்திருப்பவரின் மனைவி

என் மனைவி இனிமேல் பஸ்ஸில் ஏறக்கூடாது என்று நான் தீர்மானித்தது, வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் புறப்பட்ட வாரத்தில். தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்று எங்கும் பேச்சாக இருந்தது. துரை நாயை ஹட்டனில் ஒரு சிநேகிதருக்குக் கொடுத்தார். காரை எனக்கு விற்றார். தோட்டத்தின் பெரிய கிளாக்கர் என்ற முறையில் அது எனக்குத்தான் சேர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நாயைக் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பழைய ஹில்மன் கார். மேட்டிலிருந்த எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு அது தானாகவே ஏறி வந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. இருமியது, புகைந்தது, ஆனால் வந்தது. அதை இன்னும் நன்றாக ஓடவைக்கத்தான் எஞ்சினைக் கழற்றினேன்.

கழற்றுவதில் கஷ்டமில்லை. வெளிநாட்டுச் சாமான்கள் எதுவும் நாட்டுக்குள் வராத காலம் அது. பதுளையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த ஜௌபர் நானா ஒருவர்தான் கதி. அவர் ஏதோ ஒரு வண்டியின் பிஸ்டனைக் கொடுத்து, "கொஞ்சம் அராவினா பொருந்தும்" என்பார். பொருந்தவில்லை என்று திரும்பிப் போனால், "அப்ப இன்னும் கொஞ்சம் அராவுங்க" என்பார். எஞ்சின் விருந்தாளி அறையில் சாக்கு விரித்துத் தங்கியிருந்தது. அதனால் வேறு விருந்தாளிகள் வருவதில்லை.

பாக்கியலெட்சுமியின் பிறந்த வீடு கொஸ்லந்தையில். எங்கள் தோட்டம் ஹப்புத்தளைக்குக் கீழே. பெரகலைக்கு இறங்கி, அங்கிருந்து இன்னும் இறங்கினால் கொஸ்லந்தை; அதற்கும் கீழே வெல்லவாய. கல்யாணமான நாளிலிருந்து அவள் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தவள்.

"ஞாயித்துக்கெழம அம்மாவப் பாத்திட்டு வரட்டுங்களா?"

"எப்படிப் போவ?"

"எப்பயும் போற மாதிரித்தான். பஸ்ல."

"வாசல்ல கார நிப்பாட்டிட்டு பஸ்ல போறதா? பாக்கிறவன் என்ன சொல்லுவான்?"

"கார் ஓடலேன்னு சொல்லுவான்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

இப்படியாக அவள் போவது நின்றது. தங்கை கல்யாணத்துக்குக் காரிலேயே போய் இறங்குவோம் என்றேன். கல்யாணம் முடிந்து, தங்கைக்குக் குழந்தை பிறந்து, அது தவழவும் தொடங்கிவிட்டது. குடும்பத்தில் இன்னும் தவழாதது ஹில்மன் மட்டும்தான்.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அப்பா அம்மாவுக்கு இந்தியாப் பாஸ்போட் வந்திருச்சாம். மாசக் கடைசில ஒரேயடியா ரயில் ஏறுறாங்க."

"யாரு சொன்னா?"

"அண்ணன் ஆளனுப்பியிருக்கு. அண்ணன் மட்டும் இங்கயே கடையோட நிக்குது."

"சரி. அதுக்குள்ள கார் ஓடும்."

"ஓடலேன்னா?"

"ஓடும்னு சொல்றேன்ல."

"அங்க போனவங்க யாரும் திரும்பி வந்ததில்லைங்க."

"காரும் அப்படித்தான். ஒருக்கா ஓடத் தொடங்கிச்சுன்னா நிக்கவே நிக்காது."

அவள் சிரிக்கவில்லை. நல்ல பதில் என்றுதான் அன்று நினைத்தேன்.

மறுநாள் நான் காருக்கு அடியில் படுத்திருந்தபோது அவள் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் நின்றாள். கார் வந்த பிறகு அப்படி வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"டயர்ல காத்து நிக்குதுங்களா?"

"கல்லு மாதிரி நிக்குது."

"ஸ்டியரிங் திரும்புதா?"

"சுண்டு வெரல்ல திருப்பலாம்."

"பிரேக்கு?"

நான் வெளியே வந்து உட்கார்ந்தேன். "பிரேக்கத்தான் மொதல்ல செஞ்சேன். எந்த மலையிலயும் நிக்கும்."

"அப்ப இல்லாதது எஞ்சின் மட்டுந்தானா?"

"எஞ்சின் மட்டுந்தான்."

"அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இத்தனை காலமும் இவளுக்குக் காரைப் பற்றி ஒன்றும் விளங்காது என்று நினைத்தது தவறு என்று ஆபிஸ் கிளாக்கர்களிடம்கூடச் சொன்னேன்.

புதுத் துரை ஆபிசைப் பார்க்க வந்த காலையில் அது நடந்தது. நான் அவருக்குப் பின்னால் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். மேல் வளைவிலிருந்து ஒரு கார் இறங்கி வந்தது. சத்தமில்லை. புகையில்லை. மேகம் இறங்குவதுபோல வந்தது. அழகான கார் என்று நினைத்த பிறகுதான் அது என்னுடையது என்று தெரிந்தது.

ஸ்டியரிங்கில் தோட்டத்து லொறி டிரைவர் இராமையா. பின் சீட்டில் கல்யாணச் சேலையில் பாக்கியலெட்சுமி. பக்கத்தில் அவளுடைய தகரப் பெட்டி.

இராமையா தலையை வெளியே நீட்டினான். "ஐயா சொன்ன மாதிரியே கொஸ்லந்தையில கொண்டுபோய் விட்டுர்றேங்க. ஒண்ணும் யோசிக்காதீங்க."

கொழுந்துப் பெண்கள் ஆரவாரித்தார்கள். "கிளாக்கரய்யா கார் ஓடுதுடி" என்றது ஒரு குரல்.

துரை என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்கள் காரா? எஞ்சின் சத்தமே கேட்கவில்லையே" என்று இங்கிலீஷில் கேட்டார்.

நிறுத்து என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால், எஞ்சின் எங்கே என்றும் சொல்ல வேண்டும்.

"நல்லா செஞ்ச எஞ்சின் சத்தம் போடாது, சேர்" என்றேன். கையையும் ஆட்டினேன். பாக்கியலெட்சுமியும் ஆட்டினாள். கார் அடுத்த வளைவில் தேயிலைக்குள் மறைந்தது.

இராமையா சாயந்தரம் பஸ்ஸில் திரும்பி வந்து விவரம் சொன்னான். பெரகலையில் ரோட்டு மட்டமாகிற இடத்தில் ஆட்கள் தள்ளிவிட்டார்களாம். மற்றபடி மலையே கொண்டுபோய்ச் சேர்த்ததாம். எஞ்சின் பூட்டுகிற ஆள் கொஸ்லந்தையில்தான் இருக்கிறான் என்று நான் சொல்லியனுப்பியதாக வீட்டம்மா சொன்னார்களாம். "நல்ல யோசனைங்கய்யா" என்றான்.

மாசக் கடைசி வந்தது. மாமனாரும் மாமியாரும் போனார்கள். வழியனுப்ப நான் போகவில்லை. கார் ஓடுகிறது என்று தோட்டம் முழுக்க நம்புகிறபோது நான் எப்படிப் பஸ்ஸில் ஏறுவது? கேட்டவர்களுக்கெல்லாம் கார் வீட்டம்மாவிடம் இருக்கிறது என்றேன். நானே அரிசி கழுவினேன். நானே குழைய விட்டேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பளித் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். இருமல்காரன் என்று நினைத்து ஒரு கிழவர் எனக்கு ஜன்னலோரம் இடம் விட்டார்.

மைத்துனன் சின்னராசாவின் கடை ரோட்டோரத்தில் இருந்தது. அதற்கு முன்னால் ஹில்மன். யாரோ நன்றாகக் கழுவித் துடைத்திருந்தார்கள். பாக்கியலெட்சுமி கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று யாருக்கோ சீனி நிறுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

"வா, போவோம்" என்றேன்.

"எதுல?"

"பஸ்லதான்."

"வாசல்ல கார நிப்பாட்டிட்டா?"

"வெளையாடாத. அதுல எஞ்சின் இல்ல."

"தெரியும். ஒங்ககிட்டத்தானே இருக்கு. கொண்டாந்து பூட்டுங்க. மேட்டுல ஏறினா வாரேன்."

"அதுக்கு எத்தன காலமாகுமோ தெரியாது."

"எனக்கு அவசரமில்லைங்க. பாக்க வேண்டியவங்களப் பாத்திட்டேன்."

பதில் இல்லாதபோது நான் சத்தம் போடுவது வழக்கம்.

"நாளைக்கே தோட்டத்து லொறியக் கொண்டாந்து கயிறு கட்டி இழுத்திட்டுப் போறேன். காரையும் ஒன்னையும் சேத்து."

சீனிப் பொட்டலத்தை நூலால் சுற்றிக் கட்டி, நூலை அறுத்து, வந்தவளிடம் கொடுத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள். கோபமே இல்லாத முகம்.

"கொண்டாங்க" என்றாள். "ஆனா இங்கேருந்து வெல்லவாய வரைக்கும் எறக்கம்தானாம்."