மூன்று டிகிரி சாய்ந்த கடல்

படத்தில் கடல் வலது பக்கமாகச் சாய்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தால் தண்ணீர் வழிந்து தன் மேசையை நனைத்துவிடும் என்றார் மேயர் அபரீசியோ.

எடுத்தவள் சுல்மா. புன்தா லர்கா நகராட்சியில் சுற்றுலாப் பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். ஆறு வருடமாக ஒப்பந்த வேலை. இந்தக் கோடை நல்லபடியாகப் போனால் நிரந்தரமாக்கிவிடுவதாக மேயர் வாக்குக் கொடுத்திருந்தார். நெடுஞ்சாலையில் வைக்கப்போகும் விளம்பரப் பலகைக்கான படம் அது. வழுக்குப் பாறையில் ஒற்றைக் காலை ஊன்றி, காற்றில் தடுமாறிக்கொண்டே எடுத்திருந்தாள்.

"கடலை நேராக்கிட்டு வா," என்றார் மேயர். "மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

கணினியோடு இலவசமாக வந்திருந்த செயலியில் சுல்மா படத்தை மூன்று டிகிரி சுழற்றினாள். கடல் நேரானது. ஆனால் நாலு மூலையிலும் வெள்ளை முக்கோணங்கள் முளைத்தன. ஓரங்களை வெட்டினாள். வெள்ளை போனது, இடது ஓரத்தில் நின்ற கலங்கரை விளக்கமும் கூடவே போனது. அந்த ஊரில் வந்து பார்ப்பதற்கென்று இருப்பதே அது ஒன்றுதான்.

வேறொரு படத்திலிருந்து கலங்கரை விளக்கத்தை மட்டும் கத்தரித்து வலது பக்கப் பாறையில் ஒட்டினாள். பிறந்ததிலிருந்து அங்கேயே நின்றதுபோல அது பொருந்திக்கொண்டது. அதற்குள் அச்சகத்திலிருந்து போன். ஓரம் வெட்டியதில் படம் குறுகிவிட்டதாம், பலகைக்குப் போதாதாம், பன்னிரண்டு மணிக்குள் வேண்டுமாம். சுல்மா வெட்டிய ஓரங்களை அவசரமாகத் திரும்பக் கொண்டுவந்தாள். மூலைகளில் இருந்த வெள்ளையின் மேல் பக்கத்து வானத்தையும் பக்கத்துத் தண்ணீரையும் நகலெடுத்துப் பூசினாள்.

மேயர் அடிக்கோலைத் திரையில் வைத்துக் கடலை மட்டும் அளந்தார். "இப்பத்தான் கடல் கடலா இருக்கு," என்று ஒப்புதல் கையெழுத்தைப் போட்டார்.

பலகை ஏறிய அன்று பேருந்து ஓட்டுநர்தான் முதலில் எண்ணிப் பார்த்தார். இடது பக்கம் ஒரு கலங்கரை விளக்கம், வலது பக்கம் இன்னொன்று.

பலகையை இறக்கிவிடலாம் என்று சுல்மா கெஞ்சினாள். தேர்தல் வருடத்தில் இறக்கினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார் மேயர். யார் கேட்டாலும் இரண்டாவது கலங்கரை விளக்கத்தைப் பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கிறோம் என்று சொல்லச் சொன்னார். மூடியிருந்தால் வழியில் கயிறு வேண்டுமே என்று ஒருவர் கேட்டுவைக்க, படத்தில் அது ஒட்டப்பட்டிருந்த தெற்குப் பாறைக்குப் போகும் பாதையில் கயிறும் கட்டினார்கள்.

அதுதான் வினை. திறந்திருந்த விளக்கத்தை இத்தனை வருடம் ஏறெடுத்தும் பார்க்காத கூட்டம், மூடியதைப் பார்க்கக் கயிற்றடியில் குவிந்தது. பொரித்த ரொட்டி விற்பவள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள். உள்ளே எரிந்த வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்ததாக இரண்டு பேர் சத்தியம் செய்தார்கள். பியூனஸ் அயர்ஸிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர், தன் விடுமுறையே பாழாகிவிட்டதென்று தலைநகரத்திலிருக்கும் கலங்கரை விளக்கத் துறைக்கு நாலு பக்கம் புகார் எழுதினார்.

பழுதுபார்ப்பு எந்த அளவில் இருக்கிறது, படத்தோடு தெரிவிக்கவும் என்று துறையிலிருந்து கடிதம் வந்தது.

"ஒட்டினது நீதானே," என்றார் மேயர். "அதுக்குச் சாரமும் நீயே கட்டிடு."

மேயரின் மைத்துனி வீட்டில் அப்போது பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. சுல்மா அந்தச் சாரத்தைப் படமெடுத்து, கத்தரித்து, விளக்கத்தைச் சுற்றி ஒட்டினாள். மைத்துனியின் கொடியில் காய்ந்த பூப்போட்ட போர்வையும் சேர்ந்து வந்துவிட்டதை, படத்தை அனுப்பிய பிறகுதான் கவனித்தாள். வேலை சுறுசுறுப்பாக நடப்பது மகிழ்ச்சியளிக்கிறது, வியாழக்கிழமை ஆய்வாளர் நேரில் வருவார் என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை சுல்மா ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் விடிந்ததிலிருந்தே மூடுபனி. தெற்குப் பாறையில் நின்றால் தன் செருப்பு தனக்கே தெரியவில்லை. ஆய்வாளர் ஒல்லியான மனிதர். கையில் தடித்த கோப்பு. மேயர் வெண்மைக்குள் விரலை நீட்டி, "அதோ," என்றார். ஆய்வாளர் அந்தத் திசையையே வெகுநேரம் பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

"சரி, கலங்கரை விளக்கக் காவலரைப் பார்க்கணும்," என்றார் ஆய்வாளர்.

மேயர் அவரை நகராட்சிக்கு அழைத்துவந்தார். உள்ளே நுழைந்ததும் தாழ்வாரத்தில் கண்ணில் பட்ட முதல் ஆளின் தோளைப் பிடித்து, "இவர்தான்," என்று தள்ளிவிட்டார். பிடிபட்டவர் வில்மார், படகுத்துறையில் தூண்டில் புழு விற்பவர். மாத்தே இலைத் தேநீர் குடிப்பதற்காக ஃபிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்துப்போக வந்திருந்தார். சுல்மா கண்களை மூடிக்கொண்டாள்.

விளக்கு எப்படி இருக்கிறது என்று ஆய்வாளர் கேட்டார். இதுவரை ஒரு கப்பலும் குறை சொன்னதில்லை என்றார் வில்மார். விபத்து ஏதாவது உண்டா? தன் காலத்தில் ஒன்றுகூட இல்லை. படிகள் வழுக்குகின்றனவா? தான் ஒரு தடவைகூட வழுக்கி விழுந்ததில்லை. ஏதாவது தேவையா என்றதற்குக் கொஞ்சம் யோசித்து, ஒரு மழைக்கோட்டு கிடைத்தால் நல்லது என்றார். ஆய்வாளர் எல்லாவற்றையும் எழுதி, முத்திரை குத்தி, மேயரின் கையைக் குலுக்கிவிட்டு மதியப் பேருந்தில் ஏறிப் போனார்.

மேயர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். சுல்மா வில்மாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எங்களைக் காப்பாத்த இத்தனை பொய் சொல்லிட்டீங்களேங்க," என்றாள்.

வில்மார் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையின் உள்பையிலிருந்து நாலாக மடித்த, அரசு முத்திரை போட்ட ஒரு தாளை எடுத்தார். "பொய் இல்லைங்க மேடம். ரெண்டாவது கலங்கரை விளக்கத்துக்கு என்னைக் காவலராப் போட்டுப் பதினோரு வருஷமாச்சு, அது எங்க இருக்குன்னு கேக்கத்தான் கூச்சமா இருந்துச்சு."