ஏழாம் மணற்குழியில் கரடியாரின் கால்தடம்

ஒரு காட்டில் மரங்களை வெட்டிவிட்டுப் புல் வளர்த்தார்கள். அந்தப் புல் தின்பதற்கு இல்லை என்று மான்களிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பதினெட்டு இடங்களில் கொடி நட்டு, ஒவ்வொரு கொடிக்கும் அடியில் ஒரு சின்னப் பொந்து தோண்டி, வெள்ளைப் பந்தை மட்டையால் தட்டித் தட்டிப் பொந்துக்குள் தள்ளினார்கள். ஆட்டத்தின் பெயர் கோல்ஃப். தள்ளுவது சுலபமாக இருந்துவிடக் கூடாதே என்று கொடிகளுக்கு முன்னால் பெரிய மணற்குழிகளையும் அவர்களே வெட்டிவைத்தார்கள். பிறகு பந்து அந்தக் குழியில் விழுந்துவிட்டதே என்று அவர்களே கோபப்பட்டார்கள். வேலை வெட்டி இல்லாதவர்களுக்குக் கஷ்டங்கள் தானாக வருவதில்லை, பாவம். உட்கார்ந்து தயாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கிளப்பின் தலைவர் கரடியார். ஏழாம் மணற்குழியில் அவர் பந்து விழுந்தால் காடே வேடிக்கை பார்க்க வந்துவிடும். ஓங்கி ஒரு அடி அடிப்பார். மணல் பறக்கும், பந்து அங்கேயே கிடக்கும். இன்னொரு அடி. பந்து குழியின் சுவரில் மோதி அவர் தொப்பைக்கே திரும்பி வரும். எட்டு, ஒன்பது அடி ஆனதும் மட்டையைத் தூக்கி வீசிவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

"மணல் சரியில்லை."

"ஆமாங்க, மணல் சரியில்லை" என்று கூட இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். ஆடுகிறவர் சரியில்லை என்று சொல்லும் வழக்கம் அந்தக் கிளப்பில் கிடையாது. அதனால் மணலை மாற்றுவார்கள். இப்படி மூன்று முறை மாற்றியாயிற்று. மூன்றாவது முறை வந்தது ஆற்றங்கரை மணல்.

அந்த மணலில்தான் ஆமை குருவம்மா வருஷா வருஷம் முட்டையிடுவாள். இந்த வருஷம் கரையேறிப் பார்த்தால் கரையைக் காணோம். வெறும் களிமண் பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது. முட்டையை வயிற்றில் வைத்துக்கொண்டு யாரிடம் போய் நியாயம் கேட்பது? யானைகள் மணல் சுமந்துபோன தடத்தைப் பிடித்து நடந்தாள். யானைக்கு அரைமணி நேரத் தூரம், குருவம்மாவுக்கு ஒன்பது நாள். ஏழாம் குழியில் தன் மணலை வாசனை பிடித்துக் கண்டுகொண்டு, வடக்கு மூலையில் ஒரு சாண் ஆழத்தில் இருபத்திரண்டு முட்டைகளைப் புதைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

முட்டை பொரிய இன்னும் இருபது நாள் இருக்கும்போது குழி ஓரத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். 'தலைவர் அவர்கள் ஒன்பது முறை அடித்தும் பந்து வெளிவராத காரணத்தால், இம்மணல் தரமற்றது என முடிவு செய்யப்பட்டு, வரும் வெள்ளிக்கிழமை காலை முழுவதுமாக அள்ளப்படும்.'

அன்று திங்கட்கிழமை.

குருவம்மா கிளப் அலுவலகத்துக்குப் போனாள். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் செயலாளர் கீரி உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, அந்த மணல்ல என் முட்டை இருக்கு. இருபது நாள் பொறுக்கக் கூடாதா?"

"நீங்க உறுப்பினரா?"

"இல்லீங்க. அந்த மணலுக்குச் சொந்தக்காரி."

"மணலை ஆட்சேபிக்கிற உரிமை உறுப்பினருக்கு மட்டும்தான். நீங்க வேணா 'சேதப் புகார்' படிவம் குடுக்கலாம். மூணு நகல். உடைஞ்ச முட்டையை இணைக்கணும்."

"இன்னும் உடையலையே."

"அப்ப உடைஞ்சதும் வாங்க." கீரி பேனாவை மூடப் போனவர், நாக்கால் மூக்கை ஒருமுறை துடைத்துக்கொண்டார். "ஆமா, எத்தனை முட்டை? எந்த மூலை? சும்மா, பதிவுக்குத்தான்."

"மறந்துபோச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் குருவம்மா தன்னால் முடிந்த வேகத்தில் வெளியே வந்தாள். அதற்கே மதியமாகிவிட்டது.

மனுவால் ஆகாது. அப்படியானால் கரடியாரின் பந்து குழியைவிட்டு வெளியே வந்தாக வேண்டும். பந்து வந்துவிட்டால் மணல்மேல் ஏன் கோபம்? அவள் கணக்கு அதுதான். பந்தை வெளியே எடுக்கும் வித்தையும் அவளுக்குத் தெரியும். முட்டையை மூடப் பின்னங்காலால் மணலை வீசும்போதெல்லாம், மேலே கிடக்கும் கூழாங்கல் மணலோடு சேர்ந்து எழும்பிப் போவதை அவள் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறாள். கல்லை அவள் தொட்டதே இல்லை. தொட்டது மணலைத்தான்.

செவ்வாய்க்கிழமை கரடியார் பயிற்சிக்கு வந்து, ஒரு பந்தை ஆறாவது முறையாக அடித்துக்கொண்டிருந்தபோது குருவம்மா வாயைத் திறந்தாள்.

"ஐயா, பந்தை அடிக்காதீங்க. அதுக்குப் பின்னால ரெண்டு விரல் தள்ளி மணலை அடிங்க."

கரடியார் சுற்றுமுற்றும் பார்த்தார். "யாரது? கல்லா பேசுது?"

"ஆமைங்க. மணலோட பந்து தானா எழும்பி வந்துடும்."

"பந்தை அடிக்காம பந்து வருமாம்! இந்த மட்டை எந்த வெளிநாட்டுலேயிருந்து வந்தது தெரியுமா? எனக்கு நீ சொல்லித் தர்றியா? யாருப்பா இதை உள்ளே விட்டது?"

இரண்டு முயல்கள் வந்து குருவம்மாவைப் புரட்டி வேலிக்கு வெளியே வைத்தன. மல்லாக்க வைத்தன. விதியில் அப்படித்தான் இருக்கிறதாம்.

அவளை நிமிர்த்திப் போட்டது ஒரு வலசை வாத்து. குளிர்காலம் தோறும் மலைகளைத் தாண்டி வந்து அந்த ஏரியில் தங்குகிறவள். பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

"என்ன குருவக்கா, வானத்தைப் பார்த்து யோசனை?"

குருவம்மா கதையைச் சொன்னாள். வாத்து சிரித்தாள். "சொன்ன விஷயம் தப்பில்லக்கா. அதை நீ சொன்னதுதான் தப்பு. அதையே நான் சொல்றேன் பாரு."

"உனக்கு மட்டையில எது தலை எது வால்னு தெரியுமா?"

"எதுக்குத் தெரியணும்? நான் வெளிநாடு."

"சரி. ஆனா இப்படி நல்லாத் தமிழ் பேசிடாதே. உள்ளூர்க்காரின்னு நினைச்சுடுவார்."

வெளிநாட்டுப் பயிற்சியாளர் வந்திருக்கிறார் என்றதும், புதன்கிழமை காலை கரடியார் வாத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாத்து கண்ணை மூடி, வார்த்தைக்கு வார்த்தை தடுக்கி விழுந்து பேசினாள். புதருக்குள்ளிருந்து குருவம்மா சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"கால்... மணலில்... புதை. மட்டையின் முகம் வானத்தைப் பார்க்கணும். அடிக்கும் முன்னாடி மட்டை மணலைத் தொடாது. பந்தைப் பார்க்காதே. பந்துக்குப் பின்னால் ரெண்டு விரல். அங்கே பார். அங்கே அடி. பாதியில் நிறுத்தாதே, முழுசா வீசு. ஆழமா வெட்டாதே... வடக்கு மூலைப் பக்கம் போகவே போகாதே."

"வடக்கு மூலை ஏன் மேடம்?"

வாத்து ஒரு கண்ணைத் திறந்து புதரைப் பார்த்தாள். "காந்தம்" என்றாள்.

"அடடா!" என்றார் கரடியார். "இதுதான் அறிவியல். நேத்து ஒரு கல்லு வந்து என்னமோ உளறிச்சு." கால் புதைத்தார், ரெண்டு விரல் பின்னால் பார்த்தார், வீசினார். மணல் விசிறிபோல் எழுந்தது, அதன்மேல் பந்து உட்கார்ந்துகொண்டு வெளியே போனது. குழியில் விழுந்த தழும்பு ஒரு தோசை கனம்தான். குருவம்மா அளந்து பார்த்துக்கொண்டாள். ஒரு சாண் ஆழத்துக்கு அது எட்டாது.

வியாழக்கிழமை கோப்பைப் போட்டி. வழக்கம்போல் கரடியாரின் பந்து ஏழாம் குழியில் விழுந்தது. வழக்கத்துக்கு மாறாக ஒரே அடியில் வெளியே வந்து, கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. கோப்பை அவருக்கே. குருவம்மா புதருக்குள் கண்கலங்கினாள். முட்டை பிழைத்தது!

கரடியார் கோப்பையைத் தூக்கிப் பிடித்துப் பேசினார். "நண்பர்களே! என் திறமையை நீங்கள் அறிவீர்கள். ஆனால் இந்த மணலும் ராசியான மணல். இனி தினமும் நான் இதில்தான் பயிற்சி செய்வேன். நாளைக் காலையில் ஒரு பொடி விடாமல் அள்ளிக்கொண்டு போய் என் குகை வாசலில் கொட்டுங்கள்."

கைதட்டல் காதைப் பிளந்தது.

மோசமான மணல் என்றாலும் அள்ளுவார்கள். நல்ல மணல் என்றாலும் அள்ளுவார்கள். அள்ளுவது என்று முடிவான பிறகு காரணமா கிடைக்காது? மூன்று நாளாக ஒரு முட்டாளைக் கெட்டிக்காரனாக்கப் பாடுபட்டதை நினைத்தால் குருவம்மாவுக்கு ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு அப்படியே கிடந்துவிடலாம் போலிருந்தது. இழுத்தும்கொண்டாள். ஆனால் உள்ளே இருட்டில் அவள் சொன்ன பாடமே அவளுக்கு எதிரொலித்தது. பந்தை அடிக்காதே. பந்து எதன்மேல் உட்கார்ந்திருக்கிறதோ அதை அடி.

கரடியார் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்? கோப்பையின்மேல்.

தலையை வெளியே நீட்டி வாத்தின் காதில் நான்கு வார்த்தை சொன்னாள். வாத்து மேடைக்குப் பறந்தாள்.

"தலைவர்... உலகக் குழு வரும். உங்கள் அடியை அளக்கும். உங்கள் கால்தடம், மட்டை பட்ட தழும்பு, எல்லாம் அப்படியே இருக்கணும். நாற்பது நாள். ஒரு பொடி அசைந்தால்..." தலையைச் சோகமாக ஆட்டினாள். "கோப்பை செல்லாது."

கரடியாரின் முகம் வெளுத்தது. கரடி முகம் வெளுத்து அந்தக் காடு அதற்குமுன் பார்த்ததில்லை. "யாரும் குழிப் பக்கம் போகக் கூடாது!" என்று அலறினார். அரைமணி நேரத்தில் சுற்றிலும் கயிறு கட்டினார்கள். பலகை நட்டார்கள்: 'தலைவர் அவர்கள் ஒரே அடியில் மீண்ட இடம். மிதிக்காதீர்.' காவலுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று செயலாளர் கீரியையே நிறுத்தினார்கள். அவர் இரவும் பகலும் முட்டை வாசனையை முகர்ந்துகொண்டு, ஒரு பொடி மணலைத் தொட முடியாமல், எச்சில் விழுங்கிக்கொண்டு, அந்த முட்டைகளைக் காவல் காத்தார்.

பதினேழாம் நாள் காலையில் வடக்கு மூலை மணல் பொங்கியது. இருபத்திரண்டு குஞ்சுகள் வெளியே வந்து, கரடியாரின் கால்தடத்தின் மேலேயே ஏறி இறங்கி நடந்தன. கீரி வாயைப் பிளந்துகொண்டு பாய்வதற்குள் கரடியார் ஓடி வந்துவிட்டார்.

"ஐயோ, என் கால்தடம்! யார் இவங்கல்லாம்?"

"உலகக் குழு" என்றாள் வாத்து. "அளக்கிறாங்க."

கரடியார் சட்டென்று குனிந்து, இருபத்திரண்டு பேருக்கும் தனித்தனியாக வணக்கம் வைத்தார். கீரியையும் இழுத்து வணக்கம் வைக்கச் சொன்னார். குழு ஒருவருக்கும் பதில் சொல்லாமல் ஆற்றைப் பார்த்து நடந்தது. அதனால் மரியாதை இன்னும் கூடிற்று.

குருவம்மா பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கரையைத் திரும்பிப் பார்த்தாள். அதே களிமண். இவர்களில் பெண்பிள்ளைகள் வளர்ந்து வந்தால் எங்கே முட்டையிடுவார்கள்? ஆற்றுக்கு மணலைத் திருப்பிக் கேட்டு மனுப்போடலாம். மூன்று நகல். அந்தப் படிவத்தின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். வாத்தைக் கூப்பிட்டாள்.

"அடுத்த மோசமான ஆட்டக்காரர் யாருடி?"

"காட்டுப்பன்றியார். பதினோராம் குழி, அதுவும் உங்க ஆத்து மணல்தான். போன வாரம் பதினாலு அடி அடிச்சாராம், மணல் சரியில்லைன்னு கத்திட்டிருக்கார்."

"நாளைக்குக் காலையில வகுப்புன்னு சொல்லு."

நீதி: மணலைக் காப்பாற்ற மணலுக்காகப் பேசாதே, பெரிய ஆள் ஒருவரை அதில் ஒரே ஒருமுறை ஒழுங்காக அடிக்க வைத்து, அவர் கால்தடத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிடு.