ஆளில்லாத சைக்கிள்

படம் வரைகிறவர்களுக்கு மனோதத்துவம் படித்தவர்களைப் போலத் தொல்லை வேறு யாருமில்லை. மரத்தை வரைந்தால் அது மரமே இல்லை என்பார்கள். அனுபவித்துச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான் வரைந்த ஏரிப் படம் ஒன்று மாட்டியிருந்தது. தண்ணீர், வானம், கரையில் ஒரு சைக்கிள். அவ்வளவுதான். அஸ்தினாபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ரகுநாதன், வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் எம்.ஏ. மனோதத்துவம் படித்துக்கொண்டிருந்தார். (முதல் வருடம்தான். முழுசாகப் படித்தவர்கள் இவ்வளவு பேசமாட்டார்கள்.) நான் காபித் தட்டோடு வந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க போட்டதா?”

“ஆமா.”

“சைக்கிள் இருக்கு, ஆள் இல்லையே. கலைங்கறதே ஆழ்மனசு பேசற பாஷைதாங்க. வெளியில சொல்ல முடியாத ஒருத்தரை மனசு மறைச்சு வைக்கும். அவர் பொருளை மட்டும் கை தானா வரைஞ்சிடும்.”

அவருடைய அம்மா கடித்த பஜ்ஜியைத் தட்டில் திரும்ப வைத்தார்.

“யாருடி அது?” என்றார் என் அம்மா.

“யாருமில்லைம்மா.”

“இல்லைன்னு மறுக்கறதும் ஒரு அறிகுறிதான்” என்றார் மாப்பிள்ளை.

அப்பா எழுந்து போய்ப் படத்தை உற்றுப் பார்த்தார். “இது நம்ம சைக்கிள் மாதிரின்னா இருக்கு?”

“நம்ம சைக்கிளை எவன் எடுத்துட்டுப் போனான்?” என்றார் அம்மா. (அப்பா உதவி செய்வது எப்போதுமே இந்த லட்சணம்தான்.)

எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. “எனக்கு மனுஷங்களை வரைய வராதும்மா. அப்பாவைத்தான் அதுல உக்கார வெச்சேன். கை வாழைப்பழச் சீப்பு மாதிரி வந்துச்சு. அதான் மேல பெயின்ட் அடிச்சு மூடிட்டேன்.”

“அப்பாவை மூடியிருக்காங்க, பாத்தீங்களா” என்றார் அவர், பெரிய தடயம் கிடைத்த சந்தோஷத்தில்.

அதற்குமேல் பொறுக்கவில்லை. பென்சிலும் காகிதமும் எடுத்துவந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். “அசையாம இருங்க” என்றேன். பெண் பார்க்க வந்தவர் பயந்துபோய் அசையாமல் இருந்தார். அவரை வரைந்தேன். ஒரு கண் காதுக்குப் பக்கத்தில் போயிருந்தது. கழுத்தைக் காணோம். விரல்கள் தேவைக்கு அதிகமாகவே இருந்தன.

அவருடைய அம்மா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்துப் புரையேறும்வரை சிரித்தார்.

“பொண்ணு உண்மையைத்தான்டா சொல்லுது. நிஜமாவே வரலை” என்று சொல்லிவிட்டு மிச்ச பஜ்ஜியையும் சாப்பிட்டார். சம்பந்தம் அப்போதே முடிவாகிவிட்டது.

கல்யாணமானதும், நான் அவரை வரைந்த அந்தக் காகிதத்துக்கு ஃபிரேம் போட்டு எங்கள் வீட்டில் மாட்டியது மாமியார்தான். வருகிறவர்கள் யார் இது என்று கேட்காமல் போனதில்லை. “எங்கப்பா. அம்மா கோவத்துல போட்டது” என்பாள் என் மகள். உடனே என் வீட்டுக்காரர் திருத்துவார். “ஆழ்மனசுல அடக்கி வெச்ச கோவம்.”

சமையலறையிலிருந்து நான் குரல் கொடுப்பேன். “அடக்கினேன்னு யாரு சொன்னா?”