சலூன் கண்ணாடி வழக்கில் விடுதலையானவர் எழுதுவது

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

தையற்கடை அத்தான் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காவும் நலம். நீ நலமாயிருப்பது எதிர்க்கடையிலிருந்து தினமும் தெரிவதால் விசாரிக்கவில்லை.

உன் சலூன் கண்ணாடியைக் கல்லெறிந்து உடைத்த வழக்கில், போதிய சாட்சியம் இல்லை என்று என்னை விடுதலை செய்ததை நீயே நின்று கேட்டாய். வீட்டில் மட்டும் இன்னும் விடுதலை ஆகவில்லை. "சாட்சி பத்தலைன்னுதானே விட்டாங்க, நீங்க எறியலைன்னு யாரும் சொல்லலையே" என்கிறாள் உன் அக்கா. என் மீசையை நீ ஒரு பக்கம் குட்டையாக வெட்டிவிட்டதற்கு, உன் கண்ணாடி தூள்தூளாகப் போக என்று நடுத்தெருவில் கத்தியது உண்மை. மறுநாளே போகும் என்று நான் கண்டேனா? ஊசிக் காதில் நூல் கோர்க்கவே தடவுகிறவன், தெரு தாண்டிக் குறி பார்த்து அடிப்பேனா? போலீஸ்காரர்கள் கண்ணால் கண்ட சாட்சி என்று ஒருவரைக் கூட்டிவந்தார்கள், சம்பவ நேரத்தில் அவர் முகத்தில் நீ போட்ட வெந்நீர்த் துண்டு கிடந்ததாம். கூழாங்கல் என்று எழுதிவிட்டு அரைச் செங்கல்லைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்கள். உனக்கோ தெருப்பக்கம் முதுகு, எறிந்தவனைக் காட்டியிருக்க வேண்டிய கண்ணாடியும் உடைந்துவிட்டது. கடைசியில் உன்னைக் கூண்டில் ஏற்றி, இவர் எறிந்ததைப் பார்த்தீரா என்று கேட்டார்கள். ஒரு 'ஆமாம்' சொல்லியிருந்தால் நான் உள்ளே. நீ என் முகத்தைப் பார்த்தாய். "பார்க்கலைங்க. பார்க்காததை எப்படிங்க பார்த்தேன்னு சொல்றது" என்றாய். அங்கேயே உன்னைக் கட்டிக்கொண்டிருப்பேன், நடுவில் கூண்டு இருந்தது.

விடுதலைக்கு அப்புறம்தான் மாப்பிள்ளை கஷ்டமே. கேஸ் நடந்தவரை வாய்தாவுக்கு வாய்தா பக்கத்துல உட்கார்ந்தோம். ஆடாத பெஞ்சு அங்க ஒண்ணுதானே இருந்துச்சு. பேச மாட்டோம். நான் பேப்பர் படிப்பேன், நீ பின்பக்கத்தைப் படிப்பே, நீ முடிக்கிற வரைக்கும் நான் பக்கத்தைத் திருப்ப மாட்டேன். இப்ப அதுவும் போச்சு. வேற கடையில முடி வெட்டிக்கிட்டேன், அந்த ஆளு கடைசி வரைக்கும் என்னை ஒரு வார்த்தை திட்டலை. அநாதை மாதிரி எழுந்து வந்தேன். மனசு உன்னை ரொம்பத் தேடுது. அதனால தயவுசெஞ்சு மேல்முறையீடு பண்ணு. சாட்சி பத்தலைன்னா நானே நாலு பேரைப் பிடிச்சுத் தர்றேன்.

உன் கைக்கும் கத்திரிக்கும் ஒரு குறையும் வராதிருக்க வாழ்த்தும்,
அத்தான்

பின்குறிப்பு: வக்கீலிடம் காட்டினேன். இது தபாலில் போனால் இதுவே சாட்சி ஆகிவிடும் என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆகவே மேலே உள்ளதில் எதையும் நான் எழுதவில்லை. மேல்முறையீடும் வேண்டாம். நீ சாப்பிட்டுவிட்டு ஷட்டரை இறக்கிப் படுத்திருக்கிறாய், அதற்கு அடியில் இதைத் தள்ளுகிறேன். குனிந்து பார்த்தால் ரெண்டு செருப்பு தெரியும். நான்தான் நிற்கிறேன். ஷட்டரைத் தூக்கு, மாப்பிள்ளை.